எட்டு என்று நான் சொன்னேன்

என் அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "பாவம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது அவள் காதில் விழுந்தால் பல்லைக் கடிப்பாள். அதனால் நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன். என் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அங்கே இருக்கும் அறுநூற்றுப் பத்து உள் எண்களும் அவளுக்கு மனப்பாடம். எந்த வார்டில் எந்த நர்ஸ் மூன்றாவது மணியில் எடுப்பாள், எந்த டாக்டர் மேசையில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வார் என்பதெல்லாம் அத்துப்படி. வெளியிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் முதலில் பெயரோ வார்டு எண்ணோ கேட்க மாட்டாள். "மூச்ச விட்டுட்டு மெதுவா சொல்லுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்பாள். போனை வைத்ததும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து, "பொய் சொன்னேனா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

பத்தொன்பது வயதில் பஸ் கவிழ்ந்து அவளுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கைகள் அசையும், விரல்கள் பாதிப் பேச்சைத்தான் கேட்கும். இது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் அவளுக்கு ஐந்து வயது இளையவள். பள்ளி வேன் ஓட்டுகிறேன். புகுந்த வீட்டில் மூன்று வருடம் இருந்து பார்த்துவிட்டு, சரிப்படாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அக்காவுக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா அம்மா போனபிறகு, இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் பிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளுடைய மோட்டார் நாற்காலி வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் கையால் தள்ளும் நாற்காலிதான், அதையும் யாராவது தள்ள வேண்டும். மோட்டார் நாற்காலியில் வலது கைப்பக்கம் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக் இருக்கும். அதை மணிக்கட்டால் தள்ளினாலே போதும், போகச் சொன்ன பக்கம் போகும். ஆனால் எங்களுக்கு அதைவிட முக்கியம் இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் இருக்கை மொத்தமும் பின்னால் சாயும். நாமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தெரியாமல் இப்படியும் அப்படியும் நெளிகிறோம். அவளால் அது முடியாது. ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் தோல் செத்துவிடும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை சாய்ந்து, பாரத்தை முதுகுக்கு மாற்றி, இரண்டு நிமிடம் கழித்து நிமிர்வாள். சாய்ந்தபடியே போனில் பேசுவாள்.

கை நாற்காலி காலத்தில் அவளுக்கு இடது புட்டத்தில் புண் வந்தது. ஏழு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். ஏழு மாதமும் அவள் பார்த்தது தலையணை உறை ஒன்றைத்தான். ஆறியதும் ஆபரேஷன் செய்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "அதே இடத்துல இன்னொரு தடவ வந்தா எலும்பு வரைக்கும் போயிடும். அப்புறம் உக்கார்றதையே மறந்துட வேண்டியதுதான்" என்றார். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

நாற்காலி நின்றது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து அவள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் வேனை நிறுத்திவிட்டு, பின்கதவில் இரும்புப் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். நட்டநடு ரோட்டில் நாற்காலி டக்கென்று நின்றுவிட்டது. தள்ளிப் பார்க்கிறாள், அசையவில்லை. சிக்னல் மாறியது. ஒரு லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மோட்டார் பூட்டிக்கொண்டு நிற்கும் நாற்காலியை யானையால்கூட இழுக்க முடியாது. அவள் மட்டும்தான் பதறவில்லை. போனில் பேசும் அதே குரலில், "நீலச் சட்டை போட்டவரே, சீட்டுக்குக் கீழ வலது பக்கம் ஒரு செகப்பு லீவர் இருக்கு, அத கீழ அமுத்துங்க. தாடி வச்சவரே, உங்க பக்கமும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லீவரை அமுக்கினதும் சக்கரம் விட்டது. தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கட்டிலில் கிடத்தினேன். நாற்காலி கூடத்தில் நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் நாற்பது நிமிடம் சொன்னது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெண் லைனுக்கு வந்தாள்.

"சீரியல் நம்பர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஜாய்ஸ்டிக் பக்கத்துல ஒரு லைட் இருக்கும். சுவிட்ச் போட்டா விட்டு விட்டு எரியும். எத்தன தடவ எரிஞ்சு நிக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க."

இந்த நாற்காலிகளின் பாஷை அது. கோளாறு என்னவென்று விளக்குதான் சொல்லும். ஒன்று என்றால் பேட்டரி, ஏழு என்றால் ஜாய்ஸ்டிக், இப்படி. சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு வேக வேகமாகச் சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். ஆறு எண்ணும்போது அந்தப் பெண் குறுக்கே புகுந்து, "பேஷன்ட் பிறந்த தேதி என்ன மேடம்?" என்றாள்.

"ஏம்மா, எண்ணச் சொல்லிட்டு நடுவுல பிறந்த தேதி கேட்டா நான் எத எண்ணுறது? உங்க வீட்டுக் கல்யாணத்துக்கா ஜாதகம் கேக்குற?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே எண்ணினேன். விளக்கு நின்றது. "எட்டு" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ரெண்டு தடவ எண்ணினியாடி?"

"எண்ணிட்டேன், எண்ணிட்டேன்!"

எண்ணவில்லை. ஒரே ஒரு தடவைதான் எண்ணினேன், அதுவும் சண்டைக்கு நடுவில். நாற்காலி ஓடாமல் நின்ற முப்பத்தெட்டு நாளும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு, "எட்டுன்னா கன்ட்ரோல் பெட்டி போயிடுச்சு மேடம். இனிமே சுவிட்ச் போடவே போடாதீங்க, உள்ள எரிஞ்சுடும். பெட்டி வெளிநாட்டுலேர்ந்து வரணும். அதுக்கு முன்னாடி எங்க ஆள் வந்து பாப்பார்" என்றாள். எப்போது வருவார் என்றேன். வேலை நாளில், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறுக்குள் என்றாள். எந்த வேலை நாள் என்றேன். "வர்ற நாள்ல மேடம்" என்றாள்.

நான் அப்போதே சுவிட்சை மறுபடி போட்டு எண்ணியிருக்க வேண்டும். எரிந்துவிடும் என்று சொன்னபிறகு கை வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்காவுக்கு மிச்சமிருந்தது பன்னிரண்டு நாள் லீவு. கட்டிலில் இரண்டு மணிக்கு ஒருமுறை நான் வந்து புரட்டிப் போட்டேன். வேன் ஓட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டு டீச்சரம்மா வருவாள். ஆறாம் நாள் புதன்கிழமை, அந்த அம்மா புரட்டிவிட்டுப் போன பத்து நிமிடத்தில் கம்பெனி ஆள் வந்தான். மணி அடித்தான். அக்கா கட்டிலிலிருந்து, "தாழ்ப்பாள் போடல, தள்ளிட்டு வாங்க!" என்று கத்தியிருக்கிறாள். அவர்களுடைய சட்டப்படி வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்காமல் உள்ளே வரக் கூடாதாம். கால் மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டான். 'வாடிக்கையாளர் கதவைத் திறக்கவில்லை. புகார் தள்ளிவைக்கப்படுகிறது' என்று அதில் எழுதியிருந்தது.

எழுந்து வந்து கதவைத் திறக்க முடிந்தால் உங்களை எதுக்குடா கூப்பிடுறோம்? அன்றைக்கு நான் போனில் பேசியதை அச்சில் போட முடியாது. அக்கா மட்டும் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குடி" என்றாள்.

அவன் மறுபடி வந்தது பதினெட்டாம் நாள். அதற்குள் அக்காவின் லீவு தீர்ந்துவிட்டது. இனி ஒரு நாள் வராவிட்டாலும் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று காகிதமே வந்துவிட்டது. அதனால் பழைய கை நாற்காலியைத் தூசி தட்டி, அதில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். அது சாயாது. எட்டு மணி நேரம் பாரம் ஒரே இடத்தில் விழும். மேல்மாடி வார்டு நர்ஸ் ஒருத்தி மணிக்கு ஒருமுறை ஓடிவந்து, அக்காவை முன்னால் மேசைமேல் குனியவைத்து, இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் வேலை இருக்கிறது. சில நாள் இரண்டு மணிக்கு ஒருமுறைதான் வர முடியும்.

கம்பெனி ஆள் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான். சின்ன வயதுக்காரன், முகத்தில் களைப்பு. இரண்டு பக்கத்து மாவட்டங்களுக்கும் சேர்த்து அவன் ஒருவன்தானாம். நாற்காலியின் பின்னால் மண்டியிட்டு, கன்ட்ரோல் பெட்டிமேல் ஒட்டியிருந்த வெள்ளி நிற சீலை டார்ச் அடித்துப் பார்த்தான். நாலு பக்கமும் போட்டோ எடுத்தான்.

"சீல் உடையாம இருக்கு, நல்லது. இத வேற யாராவது தெறந்தா அப்புறம் கம்பெனி இந்த நாற்காலியத் தொடாது மேடம், ஆயுசுக்கும்."

"சுவிட்ச் போட்டுப் பாக்கலையா?"

"எட்டுன்னு எழுதியிருக்கே. எட்டுல சுவிட்ச் போடக் கூடாது. நீங்கதானே எண்ணினீங்க?"

"ஆமா."

"கரெக்டா எண்ணினீங்கல்ல?"

உண்மை ஒரு நொடி வாய் வரை வந்தது. தப்பாக இருந்தால் புகாரை ரத்து செய்து புதிதாகப் பதிய வேண்டும், பதினெட்டு நாளும் வீண் என்று தோன்றியது. அதைவிட, அக்காவிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்று தோன்றியது. "கரெக்டாதான் எண்ணினேன்" என்றேன். அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவன் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவளைக் குப்புறப் படுக்கவைத்து நான் தோலைப் பார்ப்பேன். இருபத்துநாலாம் நாள், பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு அளவு சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, பிறகு மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. அழுத்தினேன். வெளுத்தது.

"என்ன?" என்றாள் தலையணையிலிருந்து.

"லேசா செவந்திருக்கு. வெளுக்குது."

"எவ்வளவு பெருசு?"

"சட்டப் பொத்தான் அளவு."

முப்பதாம் நாள் அது புளியங்கொட்டை அளவு ஆகியிருந்தது. அன்றுதான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெட்டி துறைமுகத்தில் சிக்கியிருக்கிறதாம், இன்னும் ஆறு வாரம் ஆகுமாம். நான் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. நர்ஸிடம் காட்டினோம். அவள் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த நாற்காலில உக்காராதீங்க" என்று கெஞ்சினாள். "உக்காரலன்னா வேலை போயிடும். வேலை போனா உக்காந்து என்னடி பண்றது?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகும் போனாள்.

முப்பத்தாறாம் நாள் ராத்திரி அழுத்திப் பார்த்தபோது, வெளுக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூன்று தடவை அழுத்தினேன். மூன்றாவது தடவை மெல்ல வெளுத்தது. நர்ஸிடம் போனில் சொன்னேன். "இன்னும் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும்" என்றாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அக்கா வேலையிலிருந்து திரும்பியதும், "நாளைக்கு ஒருத்தர் வர்றாரு" என்றாள்.

யார் என்றால், ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். போன வருடம் அவர் மனைவி தீக்காய வார்டில் மூன்று மாதம் இருந்தாள். தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கிலிருந்து கூப்பிடுவார். வரிசையில் நிற்கவைக்காமல் அக்கா நேராகக் கட்டில் பக்கத்து நர்ஸுக்கே போட்டுக்கொடுப்பாள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்த நம்பரை அவள் எழுதி வைத்திருந்தாள். ஃபோர்க்லிஃப்டும் பேட்டரி, மோட்டார், பிரேக்கில்தானே ஓடுகிறது என்று இத்தனை நாள் கழித்து அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். கை நாற்காலியில் அக்கா இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"நீங்கதானா அந்தக் குரல்?"

"நான்தாண்ணே. எப்படி இருக்காங்க அண்ணி?"

"சமைக்கிறா. திட்டுறா. நல்லாருக்கா." அப்புறம் அவர் பாவம் என்றோ கடவுளே என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டார் நாற்காலியைச் சுற்றி நடந்தார், குனிந்தார், தரையில் மல்லாக்கப் படுத்து அடியில் பார்த்தார். முன்சக்கரத்தில் சுற்றியிருந்த எங்கள் தலைமுடியையெல்லாம் பிடுங்கி ஓரமாக வைத்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது.

"பெட்டி போயிடுச்சுன்னாங்களா?"

"எட்டுன்னு காட்டுச்சுண்ணே. எட்டுன்னா பெட்டி" என்றாள் அக்கா. "ஆனா சீல் இருக்கு. நீங்க உடைச்சா கம்பெனி இனிமே வராது. வேற எங்கயும் இதுக்கு சாமான் கெடைக்காது."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உடைச்சு நான் சரி பண்ணிடுவேன்னு உத்தரவாதம் கெடையாதும்மா. இது எனக்குப் புதுசு. சரியாகலன்னா உங்களுக்கு இதுவும் இல்ல, அதுவும் இல்ல."

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உடைங்க" என்றாள். "ஆறு வாரம் கழிச்சுப் பெட்டி வரும்போது உக்கார நான் இருக்க மாட்டேன். குப்புறதான் கெடப்பேன். உடைங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவர் முனையை சீலின் ஓரத்தில் வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார்.

"எட்டுன்னு யாரு பாத்தது?"

"நான்" என்றேன்.

"ஒரு தடவ சுவிட்ச் போடுங்க. நானும் பாத்துடறேன்."

"போடக் கூடாது! எரிஞ்சுடும்னு கம்பெனிலயே சொல்லியிருக்காங்க!" நான் கத்தின கத்தலில் அவர் திரும்பிப் பார்த்தார். பெட்டி எரிந்துவிடும் என்ற பயம் இல்லை அது. அதைவிடப் பெரிய பயம்.

"வண்டியப் பாக்காம நான் எதையும் தெறக்கிறதில்லம்மா. அர நிமிஷத்துல ஒண்ணும் எரியாது" என்று சொல்லி, அவரே சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. அவர் வாய்விட்டு எண்ணினார். அக்காவும் உதட்டை அசைத்து எண்ணினாள். நான் எண்ணவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு. ஏழு. எட்டு. நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அல்லது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனா, தெரியவில்லை.

"ஒம்போது" என்றார்.

விளக்கு ஒரு நொடி அணைந்திருந்து மறுபடி ஆரம்பித்தது. மறுபடி ஒன்பது. மூன்றாவது தடவையும் ஒன்பது.

"ஒம்போதுன்னா என்னம்மா?"

அந்தப் பட்டியல் அவளுக்குப் பாடம், உள் எண்கள் மாதிரி. "பிரேக் வயர்" என்றாள். "பிரேக்குக்குப் போற வயர் எங்கயோ விட்டிருக்கு. பெட்டிக்கு ஒண்ணும் இல்ல."

அவர் சீல் பக்கமே போகவில்லை. மறுபடி தரையில் படுத்து, வலது மோட்டாருக்குப் போகும் வயரின் முனையைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. ஏதோ நடைபாதை விளிம்பில் இடித்து இழுபட்டிருக்க வேண்டும் என்றார். முனையில் இருந்த பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அழுத்திச் செருகி, ஒரு நைலான் பட்டை போட்டு இறுக்கினார். எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடமோ பத்து நிமிடமோ ஆகியிருக்கும். முப்பத்தெட்டு நாள் அந்த வயர் என் கண் முன்னால் கூடத்தில்தான் தளர்ந்து கிடந்தது.

சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

அவரும் நானும் சேர்ந்து அக்காவைத் தூக்கி மோட்டார் நாற்காலியில் உட்காரவைத்தோம். அவள் முதலில் செய்தது சாயும் பொத்தானை அழுத்தியதுதான். மோட்டார் முனகியது. இருக்கை மெல்லப் பின்னால் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். "இனிமே நின்னுச்சுன்னா மொதல்ல எனக்குப் போடுங்க. என்னை மட்டும் லைன்ல நிக்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா சாய்ந்தபடியே சிரித்தாள்.

அவர் செருப்புச் சத்தம் லிப்ட் வரை போய் அடங்கியது. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாகக் கிடந்த தலைமுடியைப் பொறுக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு ரெண்டு தடவ எண்ணினேன்னு சொன்னியே."

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அன்றைக்கு எட்டுதான் காட்டியது, அப்புறம் மாறியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பினாலும் நம்பியிருப்பாள்.

"ஒரு தடவதான்க்கா" என்றேன். "அதுவும் அந்தப் பொண்ணோட சண்ட போட்டுக்கிட்டே எண்ணினேன். கம்பெனிக்காரன் கேட்டப்பவும் கரெக்டுதான்னு சொன்னேன்."

அவள் பொத்தானை அழுத்தி நிமிர்ந்தாள். நிமிரும்வரை இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. திட்டு என்றேன். இரண்டு அறை வேண்டுமானாலும் கொடு என்றேன். என் கன்னம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"என் தோலுடி அது" என்றாள்.

அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினாள். நாற்காலி என்னைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டி, நடையில் போய், லிப்ட் முன்னால் நின்றது. லிப்ட் பொத்தானை முழங்கையால் குத்தினாள். நான் பின்னால் ஓடினேன்.

"அக்கா, இப்ப ரொம்ப நேரம் உக்காரக் கூடாது. எங்க போற?"

லிப்ட் கதவு திறந்தது. உள்ளே போனாள். எனக்கு முதுகு காட்டிக்கொண்டே நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

படியில் இறங்கி ஓடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். அங்கேயே நின்றுவிட்டேன். அந்த முப்பத்தெட்டு நாளில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை. சோற்றுக்குச் சண்டை, புரட்டிப் போட நேரமானதற்குச் சண்டை, வேலைக்குப் போகாதே என்று சண்டை. ஒவ்வொரு தடவையும் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனது நான்தான். அவள் கிடந்த இடத்திலேயே கிடப்பாள். கோபம் தீர்ந்து நான் திரும்பி வந்து புரட்டிப் போடும்வரை, யார்மேல் கோபமோ அவளுக்காகவே காத்துக் கிடப்பாள். நானும் அவளுக்குக் கோபமே வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் கேட்டைத் தாண்டி ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். எங்கே என்று தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் வேகத்தைக் கூட்டினாள்.

அழுகையாக வந்தது. "போக்கா, போ" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.